பின்னால் வந்தவள்

ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? பேக்கரிக்கு வந்த புது அடுப்பு ஒழுங்காகச் சூடேறுகிறதா? உறையில் ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார். சற்று முன்புதான் சூப்பில் உப்பு இல்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டது என்றால் ஆள் பிழைத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம்? போனில் சொல்லலாம் என்றால் உங்கள் மாவு பிசையும் மிஷின் சத்தத்தில் பாதி விழாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் "எங்கயாவது போயிட்டு வாங்க, ரெண்டு பேர் மூஞ்சியும் பாக்கச் சகிக்கல" என்று சொன்னதால்தான் இந்த மலைக்கு விடுமுறையில் வந்தோம். வந்து சேர்ந்த மறுநாளே உச்சிக்கு ஏறிவிட வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். விடுதி மேனேஜர், "மதியத்துக்கு மேல மேகம் இறங்கும் சார், யோசிச்சுக்கோங்க" என்றார். "மேகம் இறங்குறதுக்குள்ள நாங்களே இறங்கிடுவோம்" என்று பதில் சொல்லிவிட்டு இவர் தானே சிரித்துக்கொண்டார்.

பாதி தூரம் வரை வெயில். புல்வெளி முடிந்து வெறும் கல்லாக ஆனதும் மழை பிடித்தது. அப்புறம் ஆலங்கட்டி. அப்புறம் மூடுபனி. பாலுக்குள் நிற்பது போல இருந்தது, அண்ணி. பாறைகளில் வழிக்காக வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்குள் வெள்ளையை எங்கே தேடுவது? ஒரு பெரிய பாறையருகே இவர் என்னை நிறுத்தி, "இங்கயே நில்லு, வழி பாத்துட்டு வரேன்" என்று போனார். வரவில்லை. கத்திப் பார்த்தேன். காத்திருந்து பார்த்தேன். கடைசியில் கையில் பட்ட ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டேன்.

இவர் எப்படியோ மேலே இருக்கிற தங்கும் குடிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே என்னைக் காணாமல், திரும்ப அந்தப் பனிக்குள்ளேயே தேடப் புறப்பட்டிருக்கிறார். மறுநாள் காலையில் வனக்காவலர்கள் தூக்கி வந்தார்கள். ஒரு காலில் ஷூ இல்லை. கால் விரல்களில் உணர்ச்சி இல்லை. டாக்டர் பார்க்கலாம் என்கிறார். பெண்டாட்டியைத் தேடிச் சாகத் துணிந்தவர் என்று வார்டே இவரைக் கொண்டாடுகிறது. நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கவலைப்படாமல் இருங்கள். முழங்காலுக்கு மருந்து தடவ மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியம்தானே? கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், மன்னித்துக்கொள். கைவிரலும் இன்னும் மரத்துப் போயிருக்கிறது. அவள் மருந்து வாங்கப் போயிருக்கிறாள். வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அவள் உனக்கு எழுதியிருப்பாள். நான் விட்டுவிட்டுப் போனேன் என்று எழுதியிருந்தால் நம்பாதே, அக்கா. விட்டுவிட்டுப் போகவில்லை. வழி பார்க்கப் போனேன், உண்மை. புள்ளியைக் கண்டுபிடித்தேன். திரும்பிப் பாறைக்கு வந்து, "வழி இருக்கு, வா" என்றேன். "ம்" என்றாள். நான் முன்னால், அவள் பின்னால். குடிசை வரைக்கும் அவள் காலடிச் சத்தம் என் காதில் இருந்தது. பேசிக்கொண்டே வந்தோம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். குடிசைக் கதவைத் தள்ளி, "நீ முதல்ல உள்ள போ" என்று திரும்பினால் யாரும் இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறாள்! சரியில்லாத சாம்பிளைப் பார்க்கிற பார்வை அது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். அப்படி இல்லை என்றால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறாள். இரண்டில் எது பரவாயில்லை என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூலை 20

அன்புள்ள பெண்ணுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அடுப்பு நன்றாகச் சூடேறுகிறது. நான்தான் சூடேறிப் போயிருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று ரொட்டி மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றார்கள்.

நீ உயிரோடு இறங்கி வந்ததே பெரிது. குழாயைப் பிடித்து இறங்கலாம் என்று தோன்றியதே, அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பாறையிலிருந்து நீ அவன் பின்னால் கொஞ்ச தூரமாவது போனாயா? நாலு எட்டு வைத்துவிட்டு, வழுக்குகிறதே என்று திரும்பினாயா? "வா" என்கிற மாதிரி குரல் ஏதாவது கேட்டதா? குளிரில் மறந்திருக்கலாம் இல்லையா? சும்மாதான் கேட்கிறேன். ஒரு காரணமும் இல்லை.

சாப்பிடு. தூங்கு. அவன் உப்பு கேட்டால் கொஞ்சமாகப் போடு, ரத்த அழுத்தம் எங்கள் குடும்பச் சொத்து.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 20

தம்பி,

உன் உடம்பு தேறட்டும், அப்புறம் உன் காதைத் திருகுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே மலைக்குத்தான் போனீர்களா? அவள் நின்றேன் என்கிறாள். நீ வந்தாள் என்கிறாய். லிஃப்ட்டில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டவன் வெளியே வந்ததும் ஒரு நாள் முழுக்க உள்ளே கிடந்தேன் என்று சத்தியம் பண்ணுவான் என்று லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற நீதானே சொல்வாய்? அந்த மாதிரி உனக்கும் குளிரில் ஏதாவது ஆகியிருக்கும். டாக்டரிடம் சொன்னாயா? வெட்கப்படாமல் சொல்.

அவள் பொய் பேசுகிற பெண் இல்லை. நீயும் பொய் பேசுகிறவன் இல்லை. பேசினால் உனக்குக் காது சிவந்துவிடும், இங்கிருந்தே தெரியும். அப்புறம் நான் எதைத்தான் நம்புவது?

பேசிக்கொண்டே வந்தாள் என்று எழுதியிருக்கிறாயே, என்ன பேசினாள்? அதை ஏன் எழுதவில்லை?

கால் விரலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். வீட்டுக்கு வந்துவிட்டோம். இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை தப்பித்தன. இனி ஏணியில் நிற்கச் சமநிலை வருமா என்பதுதான் இவர் கவலை. கம்பெனியில் இப்போதைக்கு உட்கார்ந்து போன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "லிஃப்ட் நின்னுடுச்சா? பட்டனை மறுபடியும் அமுக்குங்க" என்று வீட்டிலேயே ஒத்திகை பார்க்கிறார்.

"ஒரு காரணமும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அண்ணி, உங்களுக்கு மறைக்கத் தெரியாது. அவர் உங்களுக்கும் எழுதியிருக்கிறார்.

இல்லை, நான் போகவில்லை. ஒரு எட்டுகூட வைக்கவில்லை. அந்தப் பாறையில் முதுகை ஒட்டி நின்றேன். மழைக்கோட்டு கிழிந்து தண்ணீர் முதுகில் வழிந்தது, அசைந்தால் இன்னும் உள்ளே போகுமே என்று அசையவே இல்லை. வேண்டுமானால் சத்தியம் பண்ணுகிறேன்.

சத்தியம் என்று எழுதும்போதே ஒரு சந்தேகம் வருகிறது. அதுதான் எரிச்சல். பரிசோதனைக் கூடத்தில் நான் பார்ப்பது ஒரே விஷயம்: இருக்கிறதா, இல்லையா. இருந்தும் இல்லாமலும் ஒரு கிருமி இருக்க முடியாது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிற அன்று ஒரு வனக்காவலர் இவருடைய பையைக் கொண்டு வந்து கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களும் குடிசை வரைக்கும் வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உள்ள சார் ஸ்டவ்வைப் பத்த வச்சிருக்கார். ரெண்டு கப் எடுத்து வச்சிருக்கார். ஒண்ணுல வெந்நீர் ஊத்தி, மேல தட்டு போட்டு மூடியும் வச்சிருக்கார், ஆறிடக் கூடாதுன்னு. அதான் கேட்டேன்" என்றார். அப்புறம், "அந்தச் சரிவுல அதே மாதிரி பாறை நெறைய இருக்கும்மா. பனியில நாங்களே மாத்திப் பிடிச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, இவர் திரும்பி வந்திருக்கிறார். வேறொரு பாறைக்கு. அங்கே நான் இல்லை. இருந்தும் "வா" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் திறந்து பார்த்தபோது யாரும் இல்லை என்கிறார், அப்புறமும் உள்ளே போய் இரண்டு கப் வைத்திருக்கிறார். கேட்டால், "நீ வெளிய மழைக்கோட்டை உதறிட்டு இருக்கியோன்னு நெனச்சேன்" என்கிறார். இவர்மேல் கோபப்படலாம் என்று வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? நான் ஒரு குச்சியும் ஒன்பது விரலுமாக நலம். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உடம்பு அந்த அளவுக்குக் குளிர்ந்தால் மூளை இப்படியெல்லாம் விளையாடும், பலபேர் சொல்லியிருக்கிறார்கள், கவலை வேண்டாம் என்றார். எழுதி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். மெக்கானிக் பாஷையில் சொன்னால், பழுது இல்லை, ஆனால் ஏன் நின்றது என்றும் தெரியவில்லை.

என்ன பேசினாள் என்று கேட்டாய். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். மலை ஏறும்போது, மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் என்னிடம் சொன்னாள். "கேக்கல, சொல்றேன். சரின்னு பதில் போட்டாச்சு" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதுதான் நான் செய்தது.

அப்புறம் அந்தப் பனியில், முன்னால் நடக்கும்போது, முகம் பார்க்க வேண்டாம் என்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ போயிட்டா அந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல" என்றேன். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வந்ததில்லை. அவள் சிரித்தாள். "எங்க போகப் போறேன்? போகல" என்றாள். இன்னும் எவ்வளவோ பேசினோம். அக்கா, சிரிக்காதே, ஆலங்கட்டி மண்டையில் அடிக்கும்போது நான் சந்தோஷமாக நடந்துகொண்டிருந்தேன்.

அது அவள் சொன்னது இல்லை என்றால், அவள் போகப்போகிறாள். அவள் சொன்னது என்றால், போகவில்லை. அதனால் நான் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் அவள் சொன்னது சொன்னதாக இருக்கட்டும்.

உன் முழங்காலை வைத்துக்கொண்டு மாவு மூட்டையைத் தூக்காதே.

உன் தம்பி


ஆகஸ்ட் 28

அன்புள்ள பெண்ணுக்கு,

நலம்தானே? இங்கே முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

நான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், சுற்றி வளைத்தால் எப்படியும் பிடித்துவிடுகிறாய். அந்த வேலையைப் பற்றி அவன் எனக்கு எழுதிவிட்டான். உன்னிடம் காட்டிக்கொள்ளாதே என்று சொன்னவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் வருத்தம் வந்தது. நான் யார், உனக்கு நாத்தனார்தானே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம், சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். போகாதே என்று அழுதிருப்பேன். ஆக, நீ சொல்லாததும் சரிதான். ரத்தம் அவன் பக்கம் இழுக்கிறது, புத்தி உன் பக்கம் இழுக்கிறது. நடுவில் நான் பிசைந்த மாவு மாதிரி இழுபடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவன் பின்னால் வந்தவள், "போகல" என்று சொன்னாளாம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உன்னிடம் கேட்டால் அது கரைந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருக்கிறான்.

நீ அப்படி எப்போதாவது சொன்னாயா? மலையில் இல்லாவிட்டாலும், வேறு எங்கேயாவது?

அன்புடன்,
அண்ணி


செப்டம்பர் 25

அன்புள்ள பெண்ணுக்கு,

கடிதம் வந்து சேர்ந்ததா? தபால்காரர் என்னைப் பார்த்தாலே இப்போது சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். உனக்குக் கோபம் என்றால், கோபம் என்று ஒரு வரி எழுது. அதுவும் பதில்தான்.

அவனிடமிருந்தும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்களா, இல்லை பேசாமலே பேசாமல் இருக்கிறீர்களா?

உடம்பு நலம்தானே?

அண்ணி


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. உங்கள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை.

"போகல" என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வேலையைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் விட்டேன், வேண்டுமென்றேதான். அதை எழுதினால், அதனால்தான் அவர் என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று பயந்தேன். நானே அப்படித்தான் நினைத்தேன். பாறையில் நின்றபோது, "சரி, தண்டனை குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றுதான் நினைத்தேன். குழாயைப் பிடித்து இறங்கும்போது கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் பிய்த்து எடுக்கும்போது அவரைத் திட்டினேன். அந்தக் கோபம்தான் என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. கீழே, குழாய் போய்ச் சேர்கிற பம்பு ஹவுஸில் ஆபரேட்டர் கம்பளியைப் போர்த்திவிட்டு, "கூட யாராவது வந்தாங்களாம்மா?" என்று கேட்டார். பற்கள் அடித்துக்கொண்டதில் பதில் சொல்ல முடியவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பற்கள் அடிப்பது நின்ற பிறகும் நான் உடனே சொல்லவில்லை, அண்ணி. கொஞ்ச நேரம்தான். ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் மனதுக்குள் பார்த்தால் இப்போதும் அதே பனிதான் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் அடுப்படியில் நின்றால் வாசலில் வந்து நிற்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு, "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவார். மலையில் பின்னால் வந்த அவளோடு அவ்வளவு தூரம் பேசினவர் என்னிடம் "ஒண்ணுமில்ல" என்கிறார். எனக்கு அவள்மேல் பொறாமை வந்துவிட்டது. சிரிப்பீர்கள். என்மேலேயே எனக்குப் பொறாமை. ஆனால் அவள் என்னைவிட நல்லவள், அண்ணி. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மேனேஜர் சொன்னபோதே கேட்டிருக்கலாம் என்று அவள் குத்திக்காட்டவில்லை. என்ன சொன்னாலும் சிரித்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "சொல்லுங்க. மலையில நான் என்னென்ன பேசினேன்?" என்று கேட்டேன்.

முதலில் காது சிவந்தது. "எதுக்கு இப்ப?"

"நான் பேசினது எனக்குத் தெரிய வேண்டாமா?"

சொன்னார். குச்சியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் சொன்னது, அவள் சொன்னது, எந்த இடத்தில் வழுக்கியது, எந்த இடத்தில் அவள் "மெதுவா" என்றாள். நாங்கள் குழந்தை வேண்டாம் என்று தள்ளிப்போட்டதைப் பற்றி. அவர் ஒரு நாள் லிஃப்ட் கயிற்றில் தொங்கித் தப்பித்ததை என்னிடம் சொல்லாமல் இருந்ததைப் பற்றி. "அதுக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன். "கயிறு நல்லா இருந்துச்சான்னு கேட்ட" என்றார். அது நான் கேட்கக்கூடிய கேள்விதான். எனக்கே சிரிப்பு வந்தது. வேறு சிலதை நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். அதற்கெல்லாம், "இது நான் இல்ல" என்றேன். "தெரியுது" என்றார்.

கடைசியில் ஒன்று சொன்னார். குடிசை தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் நின்று, "எனக்குப் பயமா இருக்கு" என்றாளாம். "நீ அப்படிச் சொல்ற ஆள் இல்லையேன்னு அப்பவே ஆச்சரியமா இருந்துச்சு. அதனாலதான் வேகமா நடந்தேன்" என்றார்.

அண்ணி, அதை நான் சொன்னேன். அது ஒன்றை மட்டும் உண்மையிலேயே சொன்னேன். குழாய் கையில் படுவதற்கு முன்னால், யாரும் இல்லாத இடத்தில், பாறையைப் பார்த்து, சத்தமாக. அவர் அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும். கேட்டிருக்க முடியாது. நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அவர் யூகித்தாரா, காற்று கொண்டுபோனதா, தற்செயலா? என் வேலையில் இப்படி ஒன்று வந்தால் மறுபடி சாம்பிள் எடுக்கச் சொல்வேன். இதற்கு எங்கே போய் மறுபடி சாம்பிள் எடுப்பது?

அதை நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். "போகல" என்றதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் வந்து சேரச் சொல்லிப் புது ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அது மேஜை மேலேயே கிடக்கிறது. இரண்டு பேரும் அதை நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம்.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


அக்டோபர் 20

அன்புள்ள பெண்ணுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், சுகம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரொட்டி கருகிவிட்டது. பரவாயில்லை.

நீ கேட்காத யோசனையை நான் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்கு யோசனையும் இல்லை. போ என்று எழுதினால் அடித்துவிடுகிறேன், இரு என்று எழுதினாலும் அடித்துவிடுகிறேன். நான் அந்த மலைக்குப் போகச் சொன்னது நல்லதா கெட்டதா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பம்பு ஹவுஸில் நீ சொல்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி: முதலில் அவன் அக்காவாகப் படித்தேன். பிறகு பெண்ணாகப் படித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன், நீயும் எழுத வேண்டாம்.

நீ எங்கே இருந்தாலும் நான் எழுதுவேன். முகவரி மாறினால் சொல். மாறாவிட்டாலும் சொல்.

அன்புடன்,
அண்ணி


டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் குச்சி இல்லாமல் நடக்கிறேன். ஏணியில் ஏறிப் பார்த்தேன், கால் நிற்கிறது. இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவாய். திட்டு.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கேட்க வேண்டும் போல இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டேன்.

"போறியா?"

"போறேன்" என்றாள்.

லிஃப்ட் சட்டென்று ஒரு மாடி இறங்கினால் வயிறு மேலே போகுமே, அப்படி இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வர்றீங்களா?"

அக்கா, அந்தக் கேள்வியை அவள் மலையில் கேட்கவில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் போகிறாள், அவள் போகவில்லை, இந்த இரண்டைத்தான் நான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று என் மண்டைக்குத் தோன்றவே இல்லை.

"யோசிக்கணும்" என்றேன்.

"யோசிங்க. பஸ் வெள்ளிக்கிழமை" என்றாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எதிர்பார்த்தாளா, கடமைக்குக் கேட்டாளா என்று அந்த முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டிகளை ஏற்றிவிட்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை.

அடுத்த வாரம் முழுக்க கம்பெனியில் போனை எடுத்து, "பட்டனை மறுபடியும் அமுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மேனேஜரிடம் லீவு கேட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "இங்கயும் லிஃப்ட், அங்கயும் லிஃப்ட், எங்க போனாலும் கெட்டுத்தான் போகப்போகுது, போயிட்டு வாய்யா" என்றார்.

இந்தக் கடிதத்தை அவளுடைய புது வீட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவள், "மேல ஏற முடிஞ்சுதா?" என்று முதலில் காலைத்தான் பார்த்தாள். ஒரு அறை, ஒரு அடுப்படி, தெருவைப் பார்த்த ஜன்னல். எதிரே சலவைக்கடை. காலையில் அவள் கிளம்பும்போது நானும் ஆஸ்பத்திரி வாசல் வரை போய் வருகிறேன். வழியில் பேசுகிறோம். சில நாள் ஒன்றும் பேசுவதில்லை. நான் வந்துவிட்டேனா, வந்துபோகிறேனா என்று எனக்கே புரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

நேற்று அலமாரியைத் திறந்தேன். அவள் சாமான்கள் எல்லாம் மேல் இரண்டு தட்டில் நெருக்கி அடுக்கியிருந்தன. கீழ் இரண்டும் காலி. சும்மா காலியாக இல்லை. துடைத்து, பேப்பர் விரித்து வைத்திருந்தது. பழைய ஆளாக நான் இருந்திருந்தால் ஒன்றும் கேட்காமல், இதற்கு இதுதான் அர்த்தம் என்று நானாகவே முடிவு கட்டியிருப்பேன். அடுப்படிக்குப் போய்க் கேட்டேன்.

"இந்தத் தட்டு யாருக்கு?"

அவள் திரும்பவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சட்டையை வைங்க. அந்த டூல்ஸ் பெட்டியை மட்டும் அதுல வைக்காதீங்க, எண்ணெய் நாத்தம்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று நினைக்கிறேன்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள். பதிலை இந்த முகவரிக்கே போடு.

உன் தம்பி